காமிராவுக்குள் ஓர் உடைந்த கோடு

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். தாத்தா பாட்டியின் திருமணம், அத்தையின் வளைகாப்பு, யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து என்று பல படங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றாவது இப்படி அமைந்திருக்கும்: முகங்களெல்லாம் பனிக்குள் நிற்பவைபோல மங்கியிருக்கும், ஆனால் பின்சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தேதி பளிச்சென்று தெரியும். “எடுத்தவருக்குக் கை ஆடிவிட்டது” என்று வீட்டில் சொல்வார்கள். கை ஆடியிருந்தால் நாள்காட்டியும் சேர்ந்தல்லவா இழுபட்டிருக்க வேண்டும்? அது தெளிவாக இருக்கிறது என்றால் குற்றம் கையில் இல்லை. லென்ஸ் முகத்தின் தூரத்துக்குப் பதிலாகச் சுவரின் தூரத்துக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. ஃபோகஸ் தவறிவிட்டது.

பிலிம் காலத்தில் இந்தத் தவறு உடனே தெரியாது. 36 படங்களையும் எடுத்து முடித்து, சுருளைக் கழுவி, அச்சிட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தாலி கட்டுவதை இன்னொரு முறை செய்துகாட்டச் சொல்ல முடியுமா? ஆகவே, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ஃபோகஸ் சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். கையால் வளையத்தைத் திருப்பி, கண்ணால் பார்த்து, சில நொடிகளில் முடிக்க வேண்டிய வேலை இது. கண்ணை மட்டும் நம்பினால் இதில் அடிக்கடி ஏமாற நேரும். அதற்காகக் காமிராவுக்குள் ஒரு சிறு கண்ணாடித் தந்திரம் செய்து வைத்தார்கள். அதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மயிரிழைக் கணக்கு

முதலில், எவ்வளவு தவறினால் படம் கெடும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளியில் படித்த லென்ஸ் சூத்திரம் போதும். லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ. என்று கொள்ளுங்கள். மணப்பெண் 3 மீட்டர் தொலைவில் நிற்கிறாள். சுவர் 4 மீட்டரில் இருக்கிறது. பெண்ணின் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் 50.85 மி.மீ. தூரத்தில் விழும். சுவரின் பிம்பம் 50.63 மி.மீ. தூரத்தில் விழும். நீங்களும் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஏறத்தாழ 0.21 மி.மீ.தான்! வெளியே ஒரு முழு மீட்டர். உள்ளே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

மண்டபத்தில் வெளிச்சம் குறைவு என்பதால் லென்ஸின் துவாரத்தை எஃப்/2 அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்போம். (துவாரத்தின் விட்டம் குவியத் தூரத்தில் பாதி என்பது இதன் பொருள்.) ஃபோகஸ் சுவரில் இருந்தால், பெண்ணின் முகத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் பிலிமில் 0.1 மி.மீ. அகலமான வட்டமாகப் பரவும். 0.1 மி.மீ. என்ன பெரிதா என்று தோன்றும். அந்தப் பிலிமை ஐந்து மடங்கு பெரிதாக்கி அச்சிட்டால் அது அரை மில்லிமீட்டர் ஆகிவிடும்; இமை முடி ஒன்றுகூடத் தெரியாது. 35 மி.மீ. பிலிமில் 0.03 மி.மீ.க்கு உட்பட்ட வட்டத்தைத்தான் ‘புள்ளி’ என்று ஏற்பது வழக்கம். எஃப்/2 லென்ஸில் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டுமானால், பிம்பம் பிலிமைவிட்டு 0.06 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ இவ்வளவுதான்.

துவாரத்தை எஃப்/8 என்று சுருக்கிவிட்டால் அதே தவறு 0.027 மி.மீ. வட்டமாகக் குறுகி, தவறே தெரியாமல் போய்விடும். வெயிலில் எடுத்த படங்களில் ஃபோகஸ் தவறு அதிகம் தெரியாததன் ரகசியம் இதுதான். ஆனால் எஃப்/2க்கு வேண்டிய ஒளியைப்போல் 16 மடங்கு ஒளி எஃப்/8க்கு வேண்டும். மண்டபத்து விளக்குகளுக்கு அந்தச் சக்தி கிடையாது.

கறுப்புத் துணிக்குள் என்ன தெரிந்தது?

பழைய ஸ்டுடியோக்களில் முக்காலிமேல் பெரிய மரக் காமிரா நிற்கும். படம் எடுப்பவர் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அதன் பின்னால் குனிவார். சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். துணிக்குள் அவர் பார்த்தது, காமிராவின் பின்புறம் பொருத்திய தேய்த்த கண்ணாடித் திரையை. ஒரு பக்கம் சொரசொரப்பாகத் தேய்க்கப்பட்டிருப்பதால் அதில் விழும் ஒளி நாலாபுறமும் சிதறும். பிம்பம் அதன்மேல் படிந்து கண்ணுக்குத் தெரியும், தலைகீழாக. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, பிம்பம் தெளிந்ததும் திரையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒளியுணர் தகட்டை வைப்பார்கள்.

இந்தத் தகடுகளின் ஆரம்ப காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கண்ணால் பார்த்து மிகச் சரியாக வைத்தும் படம் மங்கலாக வந்தது! 1840களில் லண்டனில் தொழில் செய்த அந்துவான் கிளாதே என்ற பிரெஞ்சுக்காரர் இதை ஆராய்ந்தார். நம் கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும் பிரகாசம்; அந்நாளைய தகடுகளோ நீலத்தையும் ஊதாவையும்தான் உணரும். அந்த லென்ஸ்களில் நீல ஒளி குவியும் இடமும் மஞ்சள் ஒளி குவியும் இடமும் வேறு வேறு. கண் பார்த்தது ஒரு பிம்பம், தகடு பதிவு செய்தது இன்னொன்று. பின்னாளில் லென்ஸ்களைத் திருத்தி இதைச் சரிசெய்தார்கள்.

ஆனால் தேய்த்த கண்ணாடியின் இன்னொரு தொல்லை அப்படித் தீரவில்லை. அது நம் கண்ணில் இருக்கிறது. ‘இது மங்கல், இது தெளிவு’ என்று இரண்டைப் பக்கத்தில் வைத்தால் சொல்லிவிடுவோம். ஒன்றை மட்டும் காட்டி, ‘இதைவிடத் தெளிவாக முடியுமா?’ என்று கேட்டால் தடுமாறுவோம். தெளிவின் உச்சியை நெருங்க நெருங்க மாற்றம் மிகச் சிறிதாகிவிடுகிறது. மேலும், பிம்பம் மங்கலாக இருக்கிறது என்பது தெரிந்தாலும், லென்ஸை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது அதிலிருந்து தெரியாது. முன்னால் தவறினாலும் மங்கல்தான், பின்னால் தவறினாலும் அதே மங்கல்தான்.

ஆகவே அனுபவசாலிகள் ஒரு முறையைக் கையாண்டார்கள். இன்றும் அதுதான் முறை. துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்து, வளையத்தை ஒரு பக்கம் திருப்பி, தெளிவைத் தாண்டி மீண்டும் மங்கும்வரை போக வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, அங்கேயும் தாண்ட வேண்டும். ஊசல் ஆடி ஓய்வதுபோல ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்த வேண்டும். தயங்கித் தயங்கி ஒரே பக்கமாக நகர்த்தினால் கண் பழகிப்போய், வழியிலேயே ‘போதும்’ என்று நின்றுவிடும்.

ஆடி ஏறிய காமிரா

1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து கினே எக்சாக்டா என்ற சிறு காமிரா வந்தது. 35 மி.மீ. பிலிமைப் பயன்படுத்திய முதல் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் காமிராக்களுள் அது ஒன்று. லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சரிவில் ஒரு சமதள ஆடி நிற்கும். ஒளியை மேலே திருப்பி ஒரு சிறிய தேய்த்த கண்ணாடித் திரையில் விழச் செய்யும். பொத்தானை அழுத்தினால் ஆடி மேலெழுந்து வழிவிட, ஒளி பிலிமை அடையும். 1949இல் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ் காமிராவில் திரைக்குமேல் ஐம்முகப் பட்டகம் ஏறியது. அதன் பிறகு பிம்பத்தை நேராக, இடம் வலம் மாறாமல், கண்மட்டத்திலேயே பார்க்க முடிந்தது.

இதில் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. லென்ஸிலிருந்து ஆடி வழியாகத் திரைக்குள்ள தூரமும், லென்ஸிலிருந்து நேராகப் பிலிமுக்குள்ள தூரமும் மிகத் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். முன்பு கணக்கிட்ட மயிரிழை இங்கேயும் பொருந்தும். திரை அந்த அளவு இறங்கி உட்கார்ந்தாலும், நீங்கள் பார்ப்பது ஒன்று, பிலிமில் பதிவது ஒன்று என்றாகிவிடும்.

திரை சிறிதானதால் வேறு சங்கடங்களும் வந்தன. ஓரங்களில் ஒளி சாய்வாக விழுவதால் மூலைகள் இருண்டன. கலங்கரை விளக்கத்துக்காகப் பிரெஞ்சு விஞ்ஞானி பிரெனெல் 1822இல் அமைத்த அடுக்குவளைய லென்ஸை இங்கே தட்டையாக, மிக நுண்ணிய வளையங்களாகப் பொறித்து மூலைகளை வெளிச்சமாக்கினார்கள். சரி, கண்ணாடியை இன்னும் நைசாகத் தேய்த்தால் திரை முழுதுமே பிரகாசமாகுமே என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். ஆனால் அதில் ஒரு கெடுதல் உண்டு. திரை கிட்டத்தட்டத் தெளிந்த கண்ணாடியாகிவிட்டால், பிம்பம் திரையில் விழாமல் சற்று முன்னாலோ பின்னாலோ அந்தரத்தில் நின்றாலும் நம் கண் தன் லென்ஸைத் தானே சரிசெய்துகொண்டு அதைத் தெளிவாகக் கண்டுவிடும். தவறு நம் பார்வைக்குத் தெரியாது, பிலிமுக்குத் தெரியும். பார்க்க அழகான திரை ஃபோகஸ் செய்ய உதவாது. ஃபோகஸ் செய்ய உதவும் திரை சற்று இருட்டாகத்தான் இருக்கும்.

கண்ணின் தனித்திறமை

இனிப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். வெர்னியர் அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். பியர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட முறை அது. முதன்மை அளவுகோலின் எந்தக் கோட்டோடு வெர்னியர் கோடு நேராக ஒத்துப்போகிறது என்று பார்க்கிறீர்கள். 0.1 மி.மீ.யைத் தனியாகக் காட்டி அளக்கச் சொன்னால் உங்களால் முடியாது. ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா, உடைந்து விலகியிருக்கின்றனவா என்பதை நொடியில் சொல்லிவிடுகிறீர்கள்.

அடுத்தடுத்துள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காண நம் கண்ணுக்கு அவை ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 60 விகலை, விலகியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கோடு நடுவில் ஒடிந்து 5 விகலை நகர்ந்தாலே நல்ல கண் கண்டுபிடித்துவிடும்! மூன்று மீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு கோட்டில் ஒரு மயிரளவு ஒடிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வியப்பு என்னவென்றால், விழித்திரையின் நடுவிலுள்ள கூம்புச் செல்களே ஒன்றுக்கொன்று சுமார் 30 விகலை இடைவெளியில்தான் இருக்கின்றன. செல்லைவிடச் சிறிய விலகலைக் கண் எப்படிக் காண்கிறது? கோட்டின் நீளம் நெடுக விழும் பல செல்களின் செய்தியை மூளை சேர்த்து, கோட்டின் சராசரி இடத்தைக் கணித்துவிடுகிறது. இத்தகைய திறமைகளுக்கு மிகைக்கூர்மை என்ற பொருளில் ஜெரால்ட் வெஸ்தைமர் 1975இல் ஒரு பெயர் வைத்தார்.

மங்கலைத் தீர்ப்பதில் சோடை, உடைசலைக் கண்டுபிடிப்பதில் வல்லமை என்று கண்ணுக்கு இரண்டு குணம். அப்படியானால் மங்கலை உடைசலாக மாற்றிக் காட்டினால் என்ன?

செய்து பாருங்கள்

இதற்கான வழி மிகப் பழையது. கிறிஸ்டோப் ஷைனர் என்ற பாதிரியார், சூரியப் புள்ளிகள் பற்றிக் கலிலியோவோடு வாதிட்டவர், 1619இல் கண்ணைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அட்டையில் நெருக்கமாக இரண்டு ஊசித் துளைகள் இட்டு, அவற்றின் வழியே ஒரு கண்ணால் பார்த்தால், கண் குவிக்காத தூரத்திலுள்ள பொருள் இரண்டாகத் தெரியும் என்பதை அவர் அதில் காட்டினார். அதையே லென்ஸ் கொண்டு நாம் செய்து பார்க்கலாம்.

ஏறத்தாழ 20 செ.மீ. குவியத் தூரமுள்ள, 5 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வேண்டும். அதை மூடும் அளவுக்கு ஒரு கறுப்பு அட்டை வெட்டி, அதில் பக்கவாட்டில் 3 செ.மீ. இடைவெளியில், 5 மி.மீ. அகலத்தில் இரண்டு துளைகள் போடுங்கள். இருட்டறையில் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு மீட்டர் தள்ளி, அட்டை மூடிய லென்ஸைப் பிடியுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்; சூரியனை நோக்கி லென்ஸைப் பிடிக்கவே கூடாது. லென்ஸுக்குப் பின்னால் 25 செ.மீ. தூரத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்தால் தலைகீழாக ஒரே ஒரு சுடர் தெரியும். தாளை லென்ஸை நோக்கி 5 செ.மீ. நகர்த்துங்கள். சுடர் இரண்டாகிவிட்டதா?

இப்போது இடப்பக்கத் துளையை விரலால் மூடுங்கள். இடப்பக்கச் சுடர் மறையும். அடுத்து, தாளை 25 செ.மீ.க்கு அப்பால் கொண்டுபோங்கள். மறுபடியும் இரண்டு சுடர். இம்முறை இடத்துளையை மூடினால் வலப்பக்கச் சுடர் மறைகிறது! குவியும் இடத்தைத் தாண்டியதும் இரண்டு கதிர்களும் ஒன்றையொன்று கடந்து இடம் மாறிக்கொண்டன. மங்கல் சொல்லாத செய்தியை இந்த இரட்டைச் சுடர் சொல்லிவிட்டது: எவ்வளவு விலகல் என்பதையும் சொன்னது, எந்தப் பக்கம் என்பதையும் சொன்னது.

இரண்டு ஆப்புகள்

இந்தத் தத்துவத்தைக் காமிராத் திரைக்குள் கொண்டுவந்தவர் லூசியன் டோடின் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். திரையின் நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டம் ஒன்று. அதன் மேல்பாதி ஒரு மெல்லிய ஆப்புவடிவப் பட்டகம், கீழ்ப்பாதி இன்னொன்று. ஒன்று இடப்பக்கம் சரியும், மற்றது வலப்பக்கம் சரியும். இரண்டின் சரிவுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடம் சரியாகத் திரையின் தளத்தில் இருக்கும். ஒளிவிலகலால் ஓர் ஆப்பு லென்ஸின் இட ஓரத்திலிருந்து வரும் ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. மற்றது வல ஓரத்து ஒளியை அனுப்புகிறது. உங்கள் அட்டையின் இரண்டு துளைகளேதான்! பிம்பம் திரைத் தளத்தில் விழுந்தால் இரண்டு பாதியும் பொருந்தும். முன்னோ பின்னோ விழுந்தால் பாதிகள் எதிரெதிராக நகர, தூண் ஒன்று நடுவில் ஒடிந்தாற்போலத் தோன்றும். மேல்பாதி எந்தப் பக்கம் ஒதுங்கினால் வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஒரே நாளில் விரலுக்குப் பழகிவிடும்.

பயன்படுத்துவோர் சில நுணுக்கங்கள் அறிந்திருக்க வேண்டும். வட்டத்தைப் பிரிக்கும் கோடு படுக்கையாக இருந்தால், அதைக் குறுக்கே வெட்டும் செங்குத்துக் கோடு ஒன்று காட்சியில் தேவை. தூண், கதவு நிலை, மூக்கின் ஓரம், சேலைக் கரை எதுவும் ஆகும். மாடிப்படிபோலப் படுக்கைக் கோடுகள் மட்டும் இருந்தால் காமிராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு நிமிர்த்த வேண்டும். கோடே இல்லாத இலைக்கூட்டம், புல், குழந்தையின் தலைமுடி ஆகியவற்றுக்கு ஆப்பு அவ்வளவாக உதவாது. அதற்காகச் சுற்றிலும் ஒரு வளையத்தில் நூற்றுக்கணக்கான நுண்பட்டகங்களைப் பதித்தார்கள். ஃபோகஸ் தவறினால் அந்த வளையம் முழுதும் பொடிப்பொடியாக உடைந்து, தண்ணீரில் வெயில் பட்டதுபோல மினுங்கும். சரியானதும் மினுக்கம் சட்டென்று அடங்கும்.

தொலைநோக்கு லென்ஸ் மாட்டினால் வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப்போவதைக் கண்டு பலர் காமிரா பழுதாகிவிட்டதென்று பயப்படுவார்கள். பழுது ஒன்றுமில்லை. ஆப்பு பார்ப்பது லென்ஸின் ஓரத்தை. எஃப்/5.6 போன்ற சிறிய துவாரத்தில் அந்த ஓரமே கிடையாது; பார்க்க ஒளி இல்லை. ஆப்பின் சரிவைக் குறைத்தால் கறுக்காது, ஆனால் ஒடிசலும் சிறிதாகித் துல்லியம் போய்விடும். எல்லா லென்ஸுக்கும் ஒரே திரை போதாது என்பதனால்தான் 1959இல் வந்த நிக்கான் எஃப் காமிராவில் திரையைக் கழற்றி மாற்றும்படி வைத்தார்கள்.

ஓடி வரும் ஆளை இதனால் பிடிக்க முடியாது. ஒடிசல் பொருந்தும்போது அவர் நகர்ந்திருப்பார். ஓட்டப் பந்தயத்தில் முடிவுக் கோட்டின்மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருப்பதே வழி.

கண்ணுக்குப் பதில் மின்னணு

1985இல் மினோல்ட்டா 7000 காமிரா வந்து, தானே ஃபோகஸ் செய்துகொண்டது. உள்ளே நடந்தது புதியதல்ல: லென்ஸின் இரண்டு ஓரங்களிலிருந்து வரும் ஒளி இரண்டு வரிசை உணரிகளில் விழும், இரண்டு பிம்பங்களும் எவ்வளவு, எந்தப் பக்கம் விலகியிருக்கின்றன என்று கணிப்பான் பார்க்கும், மோட்டார் அவ்வளவு திரும்பும். 2013க்குப் பிறகு படம் பதியும் உணரியிலேயே ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பாதியாகப் பிரிக்கும் முறை பரவி, கைபேசிகளுக்கும் வந்துவிட்டது. மங்கலை மட்டும் அளந்து ஃபோகஸ் செய்யும் மலிவான காமிராக்களும் உண்டு. அவை முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் இடம் தேடும். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

தானியங்கிக் காமிராக்கள் வந்ததும் திரையில் ஆப்புகள் தேவையற்றுப் போயின. திரைகளும் நான் முன்பு சொன்ன ‘பார்க்க அழகான’ வகைக்கு மாறின. அவற்றில் பழைய எஃப்/1.4 லென்ஸை மாட்டிக் கையால் ஃபோகஸ் செய்பவர்கள் படும் பாடு சொல்லி முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரிஃப்ளெக்ஸ் காமிரா ஒன்று இருந்தால், அதன் திரை இன்றும் உண்மை பேசுகிறதா என்று சோதித்துவிடலாம். பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் தண்டவாளங்கள்மேல் டிரேசிங் தாளை விறைப்பாக ஒட்டுங்கள். முக்காலியில் வைத்து, துவாரத்தை முழுதும் திறந்து, தொலைவிலுள்ள ஒரு விளக்குக் கம்பத்தை ஆப்பு வட்டத்தில் பொருத்துங்கள். பிறகு ஷட்டரை ‘பி’ என்ற குறியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, உருப்பெருக்கியால் தாளைப் பாருங்கள். அங்கேயும் கம்பம் தெளிவாக இருந்தால் காமிரா நலம். இல்லையென்றால், ஆடியும் திரையும் பதிந்திருக்கும் பஞ்சு நாளாவட்டத்தில் நைந்து பிசுபிசுத்திருக்கக்கூடும். திரையைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள். பிளாஸ்டிக் திரையில் விழும் கீறல் போகவே போகாது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.